பாதி சீசன், முழு வம்பு

அப்பா பாளையங்கோட்டையிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. முதல் வாரம் சியாட்டில் குளிரைத் திட்டினார். இரண்டாவது வாரம் இங்கே கிடைக்கும் கத்தரிக்காயைத் திட்டினார். மூன்றாவது வாரம் திட்டுவதற்கு ஒன்றும் மிச்சம் இல்லாமல் சோபாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேஸ்பால் பார்க்க ஆரம்பித்தார். இப்போது என்னைவிட அவருக்குத்தான் செய்தி அதிகம் தெரிகிறது.

இன்று 2025 ஜூலை 17, வியாழக்கிழமை. ஆல்-ஸ்டார் இடைவேளை, அதாவது எல்லா அணிகளின் நட்சத்திரங்களும் சேர்ந்து ஆடும் ஆட்டத்துக்காக விடும் விடுமுறை. மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை ஒவ்வோர் அணியும் 162 ஆட்டம் ஆட வேண்டும், ஏறக்குறைய தினமும். நடுவில் இந்த நாலு நாள்தான் மொத்தமாக லீவு. சாயங்காலம் ஆனால் கை பரபரக்கிறது, பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, அதனால் இந்தப் பதிவு. புள்ளிவிவர அலசலுக்கு நல்ல ஆட்கள் இருக்கிறார்கள், அங்கே போய்க்கொள்ளுங்கள். இங்கே இருப்பது நானும் அப்பாவும் 2025 சீசனின் முதல் பாதியில் பேசித் தீர்த்த வம்பு.

விதிகளைச் சொல்லிக்கொடுக்க நான் முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு தாளில் வைரம் போல மைதானம் வரைந்து, பந்து எங்கே விழுந்தால் ஃபவுல், எத்தனை ஸ்ட்ரைக்குக்கு அவுட் என்று சொல்லிக்கொண்டே போனேன். பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டார். "அது கெடக்கட்டும்ல. இவன் எதுக்கு துப்பிக்கிட்டே இருக்கான்?" என்றார். சூரியகாந்தி விதை மென்று தோலைத் துப்புகிறார்கள் என்றேன். "அவ்வளவு சம்பளம் வாங்குறான், ஒரு கிண்ணம் வச்சுக்கிட்டா என்ன?" அதோடு விதி வகுப்பு முடிந்தது. அதற்குப் பிறகு யார் யாரோடு சண்டை, யாருக்கு எவ்வளவு சம்பளம், யார் யார் வீட்டில் குடியிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தேன். ஆள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

குடியிருப்பதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த வருடம் இரண்டு அணிகள் நிஜமாகவே வாடகை வீட்டில் இருக்கின்றன. ஓக்லாந்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்த அத்லெடிக்ஸ் அணி, 2028-இல் லாஸ் வேகாஸில் புது வீடு தயாராகும் வரை என்று சொல்லி, சேக்ரமென்டோ பக்கம் ஒரு சின்ன மைதானத்துக்கு மூட்டை முடிச்சோடு வந்துவிட்டது. சுமார் 14,000 பேர்தான் கொள்ளும். அந்த மைதானம் யாருடையது என்றால், ரிவர் கேட்ஸ் என்ற இளநிலை அணியுடையது. ரிவர் கேட்ஸ் யாருக்கு ஆள் தயார் செய்து கொடுக்கிறது என்றால், ஓக்லாந்துக்கு எதிர்க்கரையில் இத்தனை வருடம் பங்காளியாக இருந்த சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு. அதாவது பங்காளி மகன் வீட்டு மாடி போர்ஷனில் குடியிருக்கிறார்கள். உடை மாற்றும் அறையோ அவுட்ஃபீல்டுக்கு அந்தப் பக்கம், ஆட்டம் முடிந்தால் தோற்றவன் ஜெயித்தவன் எல்லோரும் மைதானத்தைக் குறுக்கே நடந்துதான் உள்ளே போக வேண்டும். கழிவறை கொல்லைப்புறத்தில் இருந்த பழைய வீடுகள் மாதிரி. இதில் இன்னொன்று, அணியின் பெயரில் ஊரே இல்லை. வெறும் அத்லெடிக்ஸ். கல்யாணப் பத்திரிகையில் ஊர்ப் பெயர் போடாமல் அச்சடித்தது போல இருக்கிறது என்றார் அப்பா.

டாம்பா பே ரேஸ் கதை பாவம். போன அக்டோபரில் மில்டன் புயல் அவர்கள் மைதானத்தின் கூரையைக் கிழித்துப் போட்டுவிட்டது. போக்கிடம் இல்லாமல் அவர்கள் வந்து சேர்ந்த இடம், நியூயார்க் யாங்கீஸ் வசந்த காலத்தில் பயிற்சி எடுக்கும் மைதானம். மைதானத்தின் பெயரே யாங்கீஸின் பழைய முதலாளி ஸ்டெய்ன்பிரென்னர் பெயர்தான். ஏப்ரலில் யாங்கீஸ் அங்கே ஆட வந்தபோது, சொந்த வீட்டிலேயே விருந்தாளிக்கான அறையில் உடை மாற்றிக்கொண்டார்கள். வீட்டு ஓனர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குடித்தனக்காரர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனதைப் போல.

அடுத்தது ரஃபயேல் டெவர்ஸ். இந்த சீசனில் அப்பாவுக்குப் பிடித்த கதை இதுதான், மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பாஸ்டன் ரெட் சாக்ஸில் மூன்றாவது பேஸில், அதாவது அந்த வைரத்தின் ஒரு முனையில், நிற்பவர், 10 வருடத்துக்கு 31 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம். சீசனுக்கு முன்னால் அலெக்ஸ் பிரெக்மனைக் கூட்டிவந்து அவர் இடத்தில் நிற்க வைத்துவிட்டு, "நீ இனி மட்டை மட்டும் பிடி, கையுறை வேண்டாம்" என்றார்கள். கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு ஒத்துக்கொண்டார். மே மாதம் முதல் பேஸில் நிற்கும் டிரிஸ்டன் காசஸுக்கு முழங்கால் போனது. இப்போது, "தம்பி, முதல் பேஸில் போய் நிற்கிறாயா?" என்று கேட்டார்கள். கையுறையைத் தூக்கிப் போடச் சொன்னவர்களே இப்போது வேறு இடத்துக்கு எடுக்கச் சொல்கிறார்களா, முடியாது என்று பத்திரிகைக்காரர்களிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். முதலாளி ஜான் ஹென்றி கான்சஸ் சிட்டிக்கே விமானம் ஏறிப் போய்ப் பேசிப் பார்த்தார். ஜூன் 15 அன்று யாங்கீஸை மூன்று ஆட்டத்திலும் அடித்து முடித்த கையோடு, டெவர்ஸை சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே போய் இறங்கியதும் அவர் சொன்னது: எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்கிறேன்.

அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "பொறந்த வீட்ல ஒரு டம்ளர் எடுத்து வைக்காது, புகுந்த வீட்ல போய் அம்பது பேருக்கு தோசை சுடும். இது எங்கயும் உள்ளதுதாம்ல." இதில் வேடிக்கை, அவரை அனுப்பிய பாஸ்டன் இடைவேளைக்கு முன்னால் தொடர்ந்து 10 ஆட்டம் ஜெயித்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டு வீட்டிலும் நிம்மதி போல.

பணம் பற்றிச் சொன்னேன் அல்லவா. அப்பா கருவூலத்தில் முப்பது வருடம் அடுத்தவர்களின் பென்ஷன் கணக்கைப் பார்த்து ஓய்வு பெற்றவர். ஜூலை 1 அன்று சாப்பிடும்போது, இன்று பாபி பொனியா நாள் என்றேன். 1999-க்குப் பிறகு நியூயார்க் மெட்ஸுக்காக ஒரு பந்துகூட ஆடாத மனிதர், 62 வயது, அவருக்கு ஒவ்வொரு ஜூலை 1 அன்றும் மெட்ஸ் 11,93,248 டாலர் 20 சென்ட் கொடுக்கிறது. 2011-இல் ஆரம்பித்தது, 2035 வரை உண்டு. அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை, ஆனால் மெல்லுவது நின்றுவிட்டது.

"ஏன்?"

2000-இல் அவரை வேண்டாம் என்று அனுப்பும்போது கொடுக்க வேண்டியிருந்தது 59 லட்சம் டாலர். அதை அப்போதே கொடுக்காமல், 8 சதவீத வட்டி போட்டுப் பின்னால் தவணையாகத் தருகிறோம் என்று எழுதிக்கொண்டார்கள். அப்பா கை கழுவிவிட்டு வந்து மளிகைக்கடை ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட ஆரம்பித்தார். எட்டு வட்டிக்குப் பதினோரு வருடம் என்றால் இரண்டே கால் மடங்குக்கு மேல் ஆகிவிடும், அதற்கப்புறம் இருபத்தைந்து தவணை என்று கூட்டிப் பெருக்கி, மொத்தம் 2 கோடியே 98 லட்சம் டாலருக்குக் கிட்ட வருகிறது என்று அடிக்கோடு போட்டார். "கணக்கு சுத்தமாத்தான் இருக்கு. ஆனா கையில காசு வச்சுக்கிட்டு எவனாவது எட்டு வட்டிக்குக் கடன் சொல்வானா? வேற எவனோ இதவிடக் கூடத் தர்றேன்னு சொல்லிருக்கணும்." நான் அசந்துவிட்டேன். அன்றைய மெட்ஸ் முதலாளிகள் பணத்தைப் போட்டு வைத்திருந்தது பெர்னி மேடாஃபிடம்! பிற்பாடு உலகமே அறிந்த அந்தப் பெரிய மோசடிக்காரரிடம்தான். "நம்மூர் பைனான்ஸ் கம்பெனிக்காரன் மாதிரி" என்று சொல்லிவிட்டு ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஊருக்குக் கொண்டுபோவார் என்று நினைக்கிறேன்.

அதே மெட்ஸ்தான் போன டிசம்பரில் வான் சோட்டோவுக்கு 15 வருடத்துக்கு 76.5 கோடி டாலர் எழுதிக் கொடுத்திருக்கிறது. ஜூன் பாதியில் முதலிடத்தில் இருந்த அணி, அப்புறம் 17 ஆட்டத்தில் 14 தோற்றது. இதற்கு மேல் மெட்ஸ் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் ரசிகர்களே சொல்லி முடித்துவிட்டார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸின் ஷோஹெய் ஒஹ்தானியை விட முடியாது. 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில் 68 கோடியைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்ன ஆள். முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பிறகு கிட்டத்தட்ட இரண்டு வருடம் பந்து எறியாமல் மட்டை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தவர், ஜூன் 16 அன்று மறுபடி பிட்சராக வந்தார். ஒரே ஒரு இன்னிங்ஸ் (ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது உண்டு), 28 பந்து, ஒரு ரன் கொடுத்தார். உடனே மட்டை பிடிக்க ஓட வேண்டும், ஓரமாக நின்று உறையை மாட்டிக்கொண்டு போனார். மூன்றாவது இன்னிங்ஸில் அவரே அடித்த அடியில் அந்த ரன் சமமானது. தானே வாங்கிய கடனைத் தானே அடைத்தார், பரவாயில்லை, பொறுப்பான பிள்ளை என்பது வீட்டுத் தீர்ப்பு.

பிட்ஸ்பர்க்கில் பால் ஸ்கீன்ஸ் என்று ஒரு பையன் இருக்கிறான், 23 வயது. எதிராளிகள் அவன் பந்தில் ரன் எடுப்பதே கஷ்டம், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 2.01 ரன். ஆனால் கணக்கில் 4 வெற்றி, 8 தோல்வி, ஏனென்றால் அவன் எறியும் நாளில் அவன் அணிக்காரர்கள் அடிப்பதில்லை. வீட்டில் ஒருவன் மட்டும் வேலைக்குப் போக, மற்ற எட்டுப் பேர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் குடும்பம்.

சீசன் ஆரம்பத்தில் டார்பிடோ மட்டை என்று ஒரே கூச்சலாக இருந்தது, இப்போது யாருக்காவது நினைவிருக்கிறதா? மட்டையின் நுனியில் இருக்கும் கனத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி, பந்து படும் இடத்தில் சேர்த்து, பார்க்க உலக்கையைத் தேய்த்தது போல ஒன்று. யோசித்தவர் இயற்பியல் படித்தவர். மார்ச் 29 அன்று யாங்கீஸ் ஒரே ஆட்டத்தில் 9 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி, வேலியைத் தாண்டிப் போகும் அடி) அடித்தார்கள், எதிரணி பிட்சர் எறிந்த முதல் மூன்று பந்துமே வெளியே போனது. மறுநாளே எல்லோரும் அந்த மட்டை வாங்க ஓடினார்கள். அன்றைக்கு அந்த ஒன்பதில் மூன்றை அடித்த ஆரன் ஜட்ஜ் மட்டும் தன் பழைய மட்டையையே வைத்திருந்தார், இன்னும் அதையே வைத்திருக்கிறார். அடிக்கிறவனுக்கு எந்த உலக்கையும் சரிதான்.

சரி, எங்கள் ஊர் அணிக்கு வருகிறேன். மரினர்ஸ். உலகத் தொடர் என்னும் இறுதிச் சுற்றுக்கு ஒருமுறைகூடப் போகாத ஒரே அணி, அந்தப் பெருமை எங்களுக்கு மட்டும். ஜூனில் ஒரு நாள் அப்பாவை மைதானத்துக்கே கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் ரயில் பாதை, ஆட்டத்தின் நடுவே சரக்கு ரயில் ஊதிக்கொண்டு போகும். அதைக் கேட்டதும் அவருக்கு ஊரிலேயே இருப்பது போல ஒரு தெம்பு. உள்ளே மிளகாய், எலுமிச்சை, உப்பு போட்டு வறுத்த வெட்டுக்கிளி விற்கிறார்கள், இந்த மைதானத்தின் விசேஷப் பலகாரம். விலையைக் கேட்டுவிட்டு, "நம்ம வயல்ல சும்மா கெடக்கும்ல இது" என்றார். ஆனால் வாங்கியதும் ஒன்றை எடுத்து, காலைக் கிள்ளிப் போட்டுவிட்டு, வாயில் வைத்து மென்று பார்த்தார். "முறுக்கு பதம். உப்பு கூட." ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் மொத்த மைதானமும் எழுந்து நின்று பாடியபோது தேசிய கீதம் என்று நினைத்துக் கைகளை ஒட்டி நேராக நின்றார். பக்கத்தில் பாப்கார்னோடு ஆடிக்கொண்டிருந்த சின்னப் பெண்ணை முறைத்தார்.

அன்று அவர் கண் போனதெல்லாம் கேட்சர் கேல் ராலி மேல்தான். பின்பக்கம் கொஞ்சம் பெரியது என்பதால் பிக் டம்பர் என்று செல்லப்பெயர், அதைச் சட்டையில் போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். தமிழில் எழுதினால் என் மனைவி இந்தப் பதிவையே அழிக்கச் சொல்வாள். கேட்சர் என்றால் ஆட்டம் முழுக்கக் குத்தவைத்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து, ஓர் இரவில் நூறு நூற்றைம்பது தடவை. அதைச் செய்துவிட்டு இடைவேளைக்குள் 38 ஹோம் ரன் அடித்திருக்கிறார், யாங்கீஸின் ஜட்ஜைவிட அதிகம். நாங்கள் போன அன்று அவர் உருப்படியாக ஒன்றும் அடிக்கவில்லை, அப்பாவுக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை. மூட்டுவலிக்காரர் அல்லவா. "அடிக்கிறது கெடக்கட்டும். கையை ஊணாம எந்திரிக்கான் பாரு."

திங்கட்கிழமை அட்லாண்டாவில் ஹோம் ரன் போட்டி. ராலிக்குப் பந்து போட்டது அவர் அப்பா, பின்னால் உட்கார்ந்து பிடித்தது 15 வயதுத் தம்பி. முதல் சுற்றில் அத்லெடிக்ஸின் பிரென்ட் ரூக்கரும் இவரும் 17, 17. யார் பந்து அதிக தூரம் போனது என்று பார்த்து முடிவு செய்தார்கள், இரண்டு பேர் அடித்ததும் 470 அடி சொச்சம், வித்தியாசம் ஓர் அங்குலம்கூட இல்லை. பங்காளிகள் வரப்புத் தகராறில்கூட இவ்வளவு நுணுக்கமாக அளந்து நான் பார்த்ததில்லை. அந்த அங்குலத்தில் தப்பி, கடைசியில் பட்டத்தையே வாங்கிவிட்டார். கேட்சர் ஒருவர் வாங்குவது இதுதான் முதல் தடவை. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "நான் உனக்கு பந்து போட்டிருக்கேன், ஞாபகம் இருக்கா? எல்லாத்தயும் விட்டு அவுட்டாவ" என்றார். இதற்கெல்லாம் பதில் சொல்லக் கூடாது.

மறுநாள் ஆல்-ஸ்டார் ஆட்டம் 6-6 என்று சமன். கூடுதல் இன்னிங்ஸ் கிடையாது, பக்கத்துக்கு மூன்று பேர், ஆளுக்கு மூன்று அடி, யார் அதிகம் ஹோம் ரன் அடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. அப்பா உடனே 2007-க்குப் போய்விட்டார். டர்பனில் பாகிஸ்தானோடு சமன் ஆகி, ஆளில்லாத ஸ்டம்பைப் பார்த்து நம் ஆட்கள் பந்து போட்டு ஜெயித்தார்களே, அது. "உத்தப்பா தொப்பியக் கழட்டி கும்பிட்டானே!" இங்கே கைல் ஷ்வார்பர் மூன்று அடியிலும் மூன்று ஹோம் ரன், கடைசி அடியை ஒரு முழங்காலில் உட்கார்ந்தபடி. ஆட்டத்தில் ஒன்றும் அடிக்காமல் இருந்தவர் ஆட்டநாயகன் ஆனார்.

வெள்ளை சாக்ஸ்காரர்களை, அதாவது சிகாகோ ஒயிட் சாக்ஸை, மறந்துவிடக் கூடாது. போன வருடம் 121 தோல்வி, நவீன காலத்தில் அதைவிட அதிகம் யாரும் தோற்றதில்லை. இந்த வருடமும் 32 வெற்றி, 65 தோல்வி. ஆனால் மே 8 அன்று அவர்களுக்கு ஒரு நல்ல செய்தி ரோமிலிருந்து வந்தது: புதிய போப் பதினான்காம் லியோ சிகாகோக்காரர். ஊரின் இன்னோர் அணியான கப்ஸ் எங்கள் ஆள் என்று முதலில் பந்தல் போட, போப்பின் அண்ணனே வந்து, இல்லை, அவர் எப்போதும் ஒயிட் சாக்ஸ்தான் என்று தீர்த்து வைத்தார். 2005 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் அவர் உட்கார்ந்திருந்தது பழைய ஒளிப்பதிவில் கிடைத்தது, அந்த இருக்கைக்குப் பக்கத்தில் இப்போது அவர் படம் வரைந்து வைத்திருக்கிறார்கள். அப்பா இதைப் பாளையங்கோட்டையில் பக்கத்து வீட்டு அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னார். அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்புறமும் தோக்காங்களா?"

கடைசியாக கொலராடோ ராக்கீஸ். அப்பா சோபாவுக்கு வந்த முதல் சனிக்கிழமை, மே 10, சான் டியேகோவிடம் 21-0 என்று தோற்றார்கள். ஏதோ கபடி ஸ்கோர் என்று நினைத்தார். மறுநாள் ஞாயிறு அதே அணியை 9-3 என்று ஜெயித்தார்கள். ஜெயித்த கையோடு மேனேஜர் பட் பிளாக்கை வேலையிலிருந்து தூக்கினார்கள். "ஏல, ஜெயிச்ச அன்னைக்கா சீட்டக் கிழிப்பாங்க?" என்று கேட்டு, அன்றிலிருந்து அந்த அணி அப்பாவின் அணி ஆகிவிட்டது.

பேஸ்பாலில் பழைய ஆட்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: எவ்வளவு மோசமான அணியும் 54 ஆட்டம் ஜெயிக்கும், எவ்வளவு நல்ல அணியும் 54 தோற்கும், மீதி 54-இல்தான் சங்கதி. இடைவேளை வரை ராக்கீஸ் 22 வெற்றி, 74 தோல்வி. டென்வர் கடல்மட்டத்திலிருந்து 5,280 அடி உயரம், காற்று லேசு, பந்து பறக்கும், அதற்காகப் பந்துகளை ஈரப்பதம் உள்ள பெட்டியில் 2002 முதலே வைத்து எடுக்கிறார்கள். ஊறுகாய் ஜாடியில் வைத்தாலும் பறக்கிறது, எதிராளி அடிக்கும்போது மட்டும். ஜூன் தொடக்கத்தில் மயாமிக்குப் போய் மூன்று ஆட்டத்தையும் ஜெயித்தபோது வீட்டில் அப்பா சேமியா பாயசம் வைக்கச் சொன்னார். வைத்தோம்.

காலையில் எழுந்ததும் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் ஸ்கோர் கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. இந்த மாதக் கடைசியில் கிளம்புகிறார், கைபேசியில் ஸ்கோர் பார்ப்பது எப்படி என்று இரண்டு தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன், மூன்றாவது தடவையும் சொல்ல வேண்டும். இன்று காலையும் கேட்டார்.

"கொலராடோக்காரன் என்ன பண்ணுனான்?"

"லீவுப்பா. நாளைக்குத்தான் ஆட்டம். இன்னைக்கு யாருக்கும் கிடையாது."

"அப்ப இன்னைக்கு தோக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடித்தார்.